எலும்புக் கணக்கும் ஊசி முனையும்

நர்ஸ் படிப்பின் முதலாண்டில் சரீர சாஸ்திரம் என்னும் பெயரால் மாணவிகளின் தலையில் ஏற்றப்படும் 206 எலும்புகளும் 12 ஜோடிக் கபால நரம்புகளும், பரீட்சை மண்டபத்தின் வாசலைத் தாண்டியதும் சொல்லாமல் கொள்ளாமல் விடைபெற்றுக்கொள்வது ஊரறிந்த ரகசியம். மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளின் நாமாவளியை மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கிய அம்மணியை, மூன்றாமாண்டில் வார்டு நடுவே நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டால், சிரத்தையோடு ஒரு புன்னகையை மட்டும் சமர்ப்பிப்பார். பாதகமில்லை, அவ்வெலும்புகளின் பெயரை விசாரித்துக்கொண்டு எந்த நோயாளியும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை.

ஆனால் பிருஷ்டத்தில் ஊசி போடும் வேளையில், அதனை மனத்தால் நான்காகப் பகுத்து, மேற்புற வெளிப்பாகமே உத்தமம் என்பதையும், சற்றே கீழிறங்கி உள்வாங்கினால் உடம்பிலேயே பருத்ததான சயாட்டிக் நரம்பு குத்துப்பட்டுக் கால் விளங்காமற் போகக்கூடும் என்பதையும் மறந்துவிட்ட கைக்கு, அலமாரியில் மினுங்கும் தங்கப் பதக்கம் பரிகாரம் ஆகாது.

ஆகவே, மறக்கத்தக்கது எது, மறக்கலாகாதது எது என்று பிரித்துச் சொல்வதே பாடத்திட்டம் வகுக்கும் பெரியோர்களின் முதற்கடமை. அதை அவர்கள் நிறைவேற்றும் நற்காலம் வரும்வரை, ஊசி இறங்கும் இடத்தில் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையாவது மாணவிகள் நெஞ்சில் இருத்திக்கொள்வார்களாக.