மண்டையோட்டுச் சொட்டு மருந்து

1685 பிப்ரவரி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. லண்டன் ஒயிட்ஹால் அரண்மனையில் சீட்டுக் கச்சேரி. மேஜைமேல் தங்கக் காசு குவிந்து கிடக்கிறது. ஒரு பிரெஞ்சுப் பையன் காதல் பாட்டுப் பாடுகிறான். நடுவில் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ், வயது 54. பக்கத்தில் போர்ட்ஸ்மத், கிளீவ்லாந்து, மஸாரின் என்று மூன்று சீமாட்டிகள். மூவரில் ஒருவரும் ராணி இல்லை. ஓய்வுநாளில் இப்படியா என்று ஜான் ஈவ்லின் என்கிற டைரிக்காரர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

ராணி கேதரின் போர்ச்சுக்கல்காரி. சீதனமாகப் பம்பாயையே கொண்டுவந்த புண்ணியவதி. மாப்பிள்ளை அதை 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷம் 10 பவுண்டு வாடகைக்கு விட்டுவிட்டார்! ராணிக்குக் குழந்தை இல்லை. ராஜாவுக்கோ வெளியில் ஒரு டஜனுக்குக் குறையாமல் உண்டு.

திங்கள் காலை சவரத்துக்கு உட்கார்ந்தவர் அலறிக்கொண்டு சாய்ந்தார். ராஜாவின் குதிகாலில் ஒரு புண். அதைப் பார்க்க வந்திருந்த டாக்டர் எட்மண்ட் கிங் சட்டென்று கத்தியை எடுத்து 16 அவுன்ஸ் இரத்தத்தை இறக்கினார். அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மந்திரிசபையின் அனுமதியில்லாமல் ராஜாவின்மேல் கத்தி வைப்பது ராஜத்துரோகம் ஆகலாம். ராஜா கண்ணைத் திறந்ததால் டாக்டரின் தலை தப்பியது.

அதற்குப் பிறகுதான் கஷ்டகாலம். செய்தி கேட்டு ஊரிலுள்ள பெரிய வைத்தியர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கல்யாண வீட்டுச் சாம்பாரில் ஆளுக்கொரு கை உப்புப் போடுவதுபோல, வந்தவர் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒன்றைச் செய்தார். தோளில் கிண்ணம் வைத்து இன்னும் இரத்தம் உறிஞ்சினார்கள். வாந்திக்கு மருந்து, பேதிக்கு மருந்து, இரண்டும் போதாதென்று எனிமா. தலையை மழித்துக் கொப்புளம் கிளப்பும் வண்டுப் பொடியை அப்பினார்கள். தும்மல் வருவதற்கு மூக்கில் ஒரு பொடி. பாதத்தில் கீலும் புறா எச்சமும் கலந்த பற்று. சின்கோனா பட்டை வந்தது; கீழ்த்திசை ஆட்டின் வயிற்றில் விளைந்த கல் வந்தது, நம் கோரோசனைக்கு ஒன்றுவிட்ட உறவு. இத்தனையையும் சர் சார்லஸ் ஸ்கார்பரோ என்ற தலைமை வைத்தியர் லத்தீனில் பெருமையாக எழுதியும் வைத்தார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இவ்வளவு வசதியான ஆவணம் வேறு கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் மேலே மனித மண்டையோட்டை வடித்த திராவகம், 40 சொட்டு. இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. ராஜாவுக்கு ரசாயனப் பைத்தியம். அரண்மனையிலேயே சோதனைக்கூடம் வைத்திருந்தார். இந்த மருந்தின் சூத்திரத்தை ஒரு வைத்தியரிடம் அவரே காசு கொடுத்து வாங்கியதாகச் சொல்வார்கள். ஊரில் அதற்குப் பெயரே 'ராஜாவின் சொட்டு'. ராஜாவுக்கு வந்த நோய் சிறுநீரகக் கோளாறாக இருந்திருக்கலாம் என்பது பிற்கால டாக்டர்களின் ஊகம். அந்தக் கூடத்தில் அவர் காய்ச்சிய பாதரசத்தின்மேலும் சிலருக்குச் சந்தேகம் உண்டு.

வியாழன் காலை, ராஜா தேறிவருகிறார் என்று கெஜட்டில் செய்தி வந்தது. கோயில் மணிகள் முழங்கின. தெருவில் சொக்கப்பனைக்கு விறகு அடுக்கினார்கள். சாயங்காலம் நிலைமை தலைகீழ்.

இப்போது குடும்பப் பிரச்சினை. ராஜா மனசுக்குள் கத்தோலிக்கர். வெளியே சொன்னால் நாடு பற்றி எரியும். அது தெரிந்தவர் போர்ட்ஸ்மத் சீமாட்டி. படுக்கையறைக்குள் அவர் நுழைய முடியாது, அங்கே ராணி இருக்கிறார். ஆகவே பிரெஞ்சுத் தூதரைப் பிடித்து, அவர் மூலம் ராஜாவின் தம்பி ஜேம்ஸுக்குச் சொல்லியனுப்பினார். புருஷனின் ஆத்மாவைப்பற்றி யோசித்தது யார் பாருங்கள்! ஜேம்ஸ் அறையிலிருந்த பிஷப்புகளை வெளியே அனுப்பிவிட்டு, ஹடில்ஸ்டன் என்ற கத்தோலிக்கப் பாதிரியாருக்கு வேஷம் மாட்டி, பின்பக்கப் படிக்கட்டு வழியே ஏற்றினார். அந்தப் படிக்கட்டின் காவலர் வில்லியம் சிஃபின்ச். ராஜாவைப் பார்க்க வரும் பெண்களை இத்தனை காலமாக ரகசியமாக ஏற்றி இறக்கியவரும் அவரேதான். ஒரு பாதிரியார் அந்த வழியில் ஏறியதைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியிருக்குமோ! 1651இல் தோற்று ஓடி ஒளிந்திருந்த சார்லஸைக் காப்பாற்றியவர்களில் ஹடில்ஸ்டனும் ஒருவர். அன்று உடம்பைக் காப்பாற்றினார், இன்று ஆத்மாவை.

ராணி அழுதழுது மயங்கி விழுந்தார். தம் குற்றங்களை மன்னிக்கச் சொல்லி ஆளனுப்பினார். அவளா என்னிடம் மன்னிப்புக் கேட்பது, நான்தானே கேட்கவேண்டும் என்றாராம் ராஜா. இருபத்திரண்டு வருஷத்துக் கணக்கை ஒரு வரியில் தீர்த்துவிட்டார். தம் காதலியரில் ஒருவரான நடிகை நெல் க்வின் பட்டினி கிடக்கக்கூடாது என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டார். ஜேம்ஸ் அதைச் செய்யவும் செய்தார். எட்டு நாள் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறக்காதீர்கள் என்றார். சாக இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதற்காகச் சுற்றி நின்றவர்களிடம் வருத்தமும் தெரிவித்தார். இவ்வளவு தொல்லைப்பட்டவர் வைத்தியர்களை ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குச் சற்று முன் உயிர் பிரிந்தது. திங்களன்று சமயோசிதமாகக் கத்தி வைத்த டாக்டர் கிங்குக்கு 1000 பவுண்டு சன்மானம் என்று மந்திரிசபை உத்தரவு போட்டிருந்தது. அந்தப் பணம் அவர் கைக்கு வரவேயில்லை.