கைக்கு எட்டிய வயது

கேள்வி: பிறந்த வருடத்தை வைத்து ஒருவர் எந்தத் தலைமுறை என்று சொல்லிவிடலாமா?

பதில்: அமெரிக்கக் கணக்கில் 1946 முதல் 1964 வரை பிறந்தவர் ‘பூமர்’, 1965 முதல் 1980 வரை ‘ஜென் எக்ஸ்’. சரி, நம்மூரில் அந்த வருடத்தை எழுதியது யார்? பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர்! அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. உடனே ரிஜிஸ்டரில் ஜூன் மாதத் தேதி ஒன்று விழும். “தனுஷ்கோடிப் புயலப்ப இவன் என் வயித்துல இருந்தான்” என்பாள் அப்பத்தா, என் சித்தப்பாவைக் காட்டி. புயல் 1964 டிசம்பரில். சர்ட்டிபிகேட்டிலோ அவர் அதே வருடம் ஜூனிலேயே பிறந்துவிட்டார். நீளமான கை, பாவம். ஒரு வருடம் முன்னதாக ரிட்டயர் ஆனதோடு, பூமராகவும் ஆகிவிட்டார்.