இளம் பாதிரி

வெளிநாட்டிலிருந்து வந்த இளம் பாதிரி என்பவர், சொந்த ஊரில் பத்துப் பேர் முன்னால் வாய் திறக்கக் கூசியவர். தெரியாத ஊரில், தெரியாத மொழியில், சந்தைக் கூட்டத்தின் நடுவே நின்று பிரசங்கம் செய்யத் துணிந்தவர். வயது பெரும்பாலும் இருபத்தைந்தை ஒட்டியிருக்கும். இந்த வகையில் லுத்தரன் கிளை 1706-இல் தரங்கம்பாடிக் கடற்கரையில் முதலில் தென்பட்டது. பின்னர் 1860களில் டேனிஷ் மிஷன் வழியாக மேல்பட்டாம்பாக்கத்தில் வேர்விட்டு, திருக்கோவிலூர், விருத்தாசலம் என்று தென்னார்க்காட்டு உள்நாட்டுக்கும் பரவியது. கத்தோலிக்கக் கிளை அதற்கும் மூத்தது. கொள்கையில் இரண்டு கிளைகளும் கீரியும் பாம்புமாக இருந்தாலும் வியர்வையிலும் வயிற்றுக் கோளாறிலும் முழு ஒற்றுமை நிலவியது.

இவருக்கு முதல் சோதனை எப்போதும் சக ஐரோப்பியரிடமிருந்தே வரும். டென்மார்க் அரசர் அனுப்பிவைத்த சீகன்பால்கு 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் அவருக்கு 24 வயது. அங்கிருந்த டேனிஷ் ஆளுநருக்கு இந்தப் பிறந்தநாள் விருந்தாளியைப் பிடிக்கவில்லை. வேண்டாவெறுப்பாகவே ஏற்றார், பின்னர் நான்கு மாதம் சிறையிலும் வைத்தார். உள்ளூர்த் தமிழர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. அவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி.

இளம் பாதிரியின் ஒரு நாளில் பெரும்பகுதியைத் தமிழ் தின்றுவிடும். கற்பிக்க வந்தவர் என்று ஊருக்குச் சொன்னாலும், உண்மையில் அவர் ஊரிலேயே மிக மந்தமான மாணவர். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பிற்பாடு, காலை எட்டு மணிமுதல் பன்னிரண்டு வரை ஒரு முதிய புலவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் ஏடுகளை வாசிப்பதை அன்றாட வழக்கமாக்கிக்கொண்டார். அடுத்த நூற்றாண்டுகளில் புலவரின் இடத்துக்கு முன்ஷி எனப்படும் மொழி ஆசிரியர் வந்தார். துரை எவ்வளவு தப்பாகச் சொன்னாலும் ‘பேஷ்’ என்று சொல்வது முன்ஷியின் பண்பாடு. அடுத்த மாதச் சம்பளமும் அதில் அடங்கியிருந்தது. தேர்வு வைக்கும் மூத்த பாதிரிகளுக்கு அந்தப் பண்பாடு இல்லை. சில மிஷன் சங்கங்களில் மொழித் தேர்வு தேறும்வரை திருமணத்துக்கு அனுமதி கிடையாது. காதலுக்காக வேற்றுமை உருபு மனப்பாடம் செய்தவர்கள் உலக வரலாற்றில் இவர்கள் மட்டுமாகத்தான் இருக்க வேண்டும்.

தேறிய பிறகுதான் உண்மையான தொல்லை. முன்ஷி கற்றுக்கொடுத்தது நூல்தமிழ். தெருவில் புழங்குவது வேறு தமிழ். “தாங்கள் நல்கிய பாலில் நீர் மிகுந்துள்ளது” என்று பாதிரி வருந்திச் சொன்னால், ஏதோ வாழ்த்துகிறார் என்று பால்காரம்மா கும்பிட்டுவிட்டுப் போவாள். மறுநாள் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கூடும். இந்த நோய்க்கு மருந்து கண்டவர் வீரமாமுனிவர் எனப்படும் பெஸ்கி. பேச்சுத் தமிழுக்கென்று தனியாக ஒரு கொடுந்தமிழ் இலக்கணத்தை 1728-இல் லத்தீனில் எழுதினார். புதிதாக வரும் பாதிரிகள் வாசித்துப் பழகவே பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார் என்பர். ஒன்றும் தெரியாத குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் ஆற்றைக் கண்டு நடுங்கும் கதையை, ஒன்றும் புரியாத இளங்குருக்களுக்கே பாடமாக வைத்தது தற்செயல் என்று நம்புவது கடினம். லுத்தரன்களைக் கண்டித்து நூல் எழுதிய கத்தோலிக்கர் அவர். ஆனாலும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டது தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம்தான். மொழித் தேர்வு பயத்தின் முன்னால் மதப்பிணக்கு நிற்கவில்லை.

அழைக்கப்படும் முறையிலும் அவருக்குக் குழப்பம் உண்டு. வேலையாட்களுக்கு அவர் துரை. கத்தோலிக்கராக இருந்தால் ஊருக்குச் சாமி. புராட்டஸ்டண்டாக இருந்தால் ஐயர். சாதியை ஒழிக்கக் கப்பலேறி வந்தவருக்கு இந்தப் பட்டம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பெண்ணாக இருந்தால் மிசியம்மா. மிசியம்மாக்கள் பெண்கள் பள்ளிக்கூடம், மருந்து, தையல் என்று வந்த நாள்முதல் வேலையில் இறங்கிவிடுவதால், கேலி செய்ய அவர்களிடம் அதிகம் அகப்படுவதில்லை.

உணவு பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. சமையல்காரர் எதை வைக்கிறாரோ அதைத்தான் சாப்பிட வேண்டும். வெயில்தான் பெரிய பாடு. விருத்தாசலத்துக்குப் பீங்கான் தொழிற்பேட்டை வந்ததெல்லாம் பிற்காலத்தில். அதற்கு முன் இவ்வூரில் கத்திரி வெயில் சுட்டெடுத்த வெள்ளைப் பொருள் பாதிரியார் ஒருவரே. ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானலுக்கு ஏற வழியிருந்தவர்கள் ஏறிவிட்டார்கள். 1845-இல் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் என்பதில் வியப்பில்லை.

மாலையில் பிரசங்கம். திருவிழாக் கூட்டம் இதற்கு ஏற்றது; மாசி மகத்துக்கு விருத்தாசலத்தில் கூடும் கூட்டத்தைவிடப் பெரிய வாய்ப்பு சுற்றுவட்டாரத்தில் இல்லை. பாதிரி வாதத்துக்குத் தயாராக வருவார். மறுப்புக்கு மறுப்பு, அதற்கும் மறுப்பு என்று எழுதி மனப்பாடம் செய்திருப்பார். முன்வரிசைப் பெரியவர் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுவிட்டு, “வாஸ்தவம் துரை, எல்லாச் சாமியும் ஒண்ணுதானே” என்று ஒப்புக்கொண்டுவிடுவார். ஐரோப்பாவில் எந்த இறையியல் பள்ளியும் இதற்கு விடை சொல்லி அனுப்பவில்லை. பிறகு கேள்வி நேரம். துரைக்கு என்ன சம்பளம், கலியாணம் ஆகிவிட்டதா, அம்மா அப்பா இருக்கிறார்களா, அவர்களை விட்டுவிட்டு ஏன் வந்தீர்கள் என்பவை வழக்கமான கேள்விகள். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்லத் தடுமாறுவார்.

இரவில் கடிதம். சொந்த நாட்டில் மிஷனுக்குச் சந்தா கட்டுவோருக்குப் படிக்கச் சுவையாக ஏதாவது வேண்டும். ஆகவே புலி, பாம்பு, வெள்ளம் எல்லாம் கடிதத்தில் தவறாமல் இடம்பெறும். பிரசங்கக் குறிப்புகளை அட்டையோடு தின்று தீர்த்த கரையான் இடம்பெறாது. சில விஷயங்கள் எழுதினாலும் எடுபடாது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு 1713-இல் ஒரு பெருநூல் எழுதி ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்த மிஷன் மையத்துக்கு அனுப்பினார். அந்த வழிபாட்டை ஒழிக்கத்தானே அனுப்பினோம், இங்கே பரப்பவா என்ற எண்ணத்தில் அங்கிருந்தவர்கள் அதை அச்சிடவில்லை. நூல் வெளிவந்தது 1867-இல், சென்னையில்.

சுந்தரர் திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது விருத்தாசலத்துக்காரர் அறிந்த கதை. இளம் பாதிரியின் கணக்கும் அதே கணக்கு. போட்ட இடம் வேறு, கிடைத்த இடம் வேறு. மனிதரை மாற்ற வந்த பெஸ்கி தேம்பாவணி பாடினார், 1732-இல் சதுரகராதி தொகுத்தார். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அவர் மாதாவுக்குச் சேலை கட்டி, பெரியநாயகி என்று பெயரும் வைத்தார். விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் அம்மனின் பெயரும் அதுவே. டேனிஷ் மிஷனுக்கு 1909-இல் வந்த ஆன் மேரி பீட்டர்சன், காந்தியைப் பார்த்துத் தாமே கதர் கட்டிக்கொண்டு மிஷனை விட்டு விலகினார். பரங்கிப்பேட்டையில் அவர் தொடங்கிய சேவா மந்திருக்கு 1921-இல் காந்தி அடிக்கல் நாட்டினார். பீட்டர்சனோடு காந்தியின் ஆசிரமத்துக்குப் போன எஸ்தர் ஃபேரிங், காந்தியின் கடிதங்களில் அவருக்கு மகளாகவே ஆகிவிட்டார். அனுப்பியவர்களின் பதிவேட்டில் இவையெல்லாம் வெற்றிப் பத்தியில் ஏறியிருக்காது. தமிழ்நாட்டின் கணக்கில் ஏறியிருக்கின்றன; அந்தக் கணக்கே சரி.

நாடு விடுதலை பெற்ற பிறகு வெளிநாட்டுப் பாதிரிகளின் வரவு படிப்படியாகக் குறைந்தது; சபைகளும் பள்ளிகளும் உள்ளூர்க்காரர் கைக்கு வந்தன. ஆனால் வகை அழியவில்லை, திசை மாறியிருக்கிறது. குருக்கள் பற்றாக்குறையால் திணறும் ஜெர்மனியின் கத்தோலிக்கப் பங்குகளில் இன்று தமிழ்நாட்டிலிருந்து போன குருக்கள் பலர் பணியாற்றுகிறார்கள். அவர்களும் முதலில் மொழிப் பள்ளியில் உட்கார்ந்து, தேர்வு எழுதித் தேற வேண்டியிருக்கிறது.