லோடு ஏற்றும் முன்: கேள்வி – பதில்

கேள்வி: பசுமைப் போக்குவரத்து என்று எல்லோரும் பேசுகிறார்களே, அரியலூரில் அதை எங்கிருந்து ஆரம்பிப்பது? (டீக்கடைக்காரர், அரியலூர்)

பதில்: தார்ப்பாயிலிருந்து! சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையில் வேப்பமரத்து இலையை விரலால் தடவிப் பாருங்கள், விரல் வெளுத்துவிடும். உங்கள் கடை வடைத்தட்டிலும் அதே தூசிதான் இறங்குகிறது. விளிம்புக்கு மேல் குவிக்காமல் ஏற்றி, நான்கு மூலையும் இழுத்துக் கட்டி அனுப்பச் சொல்ல வேண்டும். கட்டாத வண்டியைச் சுரங்க வாசலிலேயே நிறுத்தினால் போதும். நடுரோட்டில் டிரைவரைப் பிடித்து அபராதம் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி: சரக்கையெல்லாம் ரயிலில் ஏற்றச் சொல்கிறீர்கள். அப்போது எங்கள் பிழைப்பு? (லாரி உரிமையாளர், பெரம்பலூர்)

பதில்: ரயில் கடைவாசலுக்கு வராதே! உங்கள் ஊருக்கே இன்னும் ரயில் இல்லை. அரியலூருக்குத்தான் வர வேண்டும். ஒரு சரக்கு ரயில் சுமார் 2,500 டன் இழுக்கும். 25 டன் லாரி என்றால் 100 நடை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு குறைவு, எரிபொருளும் குறைவு. விழுப்புரம் – திருச்சி கார்டு லைனில் மின்சார எஞ்சின்தான் ஓடுகிறது. நெடுந்தூரத்தை அதற்கு விடுங்கள். ஸ்டேஷனிலிருந்து குடோன், குடோனிலிருந்து கடை என்ற ஓட்டம் உங்களுடையது. உங்கள் லாபத்தைத் தின்பது ரயில் அல்ல, காலியாகத் திரும்பும் நடைதான். நாலைந்து உரிமையாளர்கள் சேர்ந்து ரிட்டர்ன் லோடு பேசுங்கள். சிமென்ட் இறக்கிய ஊரில் உரமோ தீவனமோ கிடைக்காமலா போகும்?

கேள்வி: எல்லா லாரியும் மின்சாரத்தில் ஓடினால் சிமென்ட் சுத்தமாகிவிடுமா? (பிளஸ் டூ மாணவி, செந்துறை)

பதில்: ஆகாதம்மா. உங்கள் மண் ஒரு காலத்தில் கடலடி. வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போனால் சுருண்ட அம்மோனைட் புதைபடிவத்தைப் பார்க்கலாம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான் இன்று ஆலைக்குப் போகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். நிலக்கரிப் புகை தனிக் கணக்கு. கல்லுக்குள்ளேயே இருக்கும் வாயுவை எந்த பேட்டரியும் தடுக்காது.

சுடும் கல்லைக் குறைப்பதே வழி. பிபிசி (போர்ட்லண்ட் பொசோலானா) சிமென்ட்டில் அனல்மின் நிலையத்துச் சாம்பலை 35 சதவீதம் வரை கலக்கலாம். அப்படியானால் 50 கிலோ மூட்டையில் 17.5 கிலோ சாம்பல், ஏறக்குறைய 26 கிலோ கல் மிச்சம்! வெட்டாத கல்லுக்கு லாரியும் வேண்டாம், தார்ப்பாயும் வேண்டாம். வீடு கட்டும் அப்பாக்களிடம் பிபிசி பலவீனமானது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அது தவறு. மெதுவாக இறுகும், அவ்வளவுதான். தண்ணீர் விட்டு ஆற்றும் நாட்களைக் குறைக்கக் கூடாது.

கேள்வி: அப்படியானால் மின்சார லாரியே வேண்டாமா? (மெக்கானிக், கீழப்பழுவூர்)

பதில்: சுரங்கம் – ஆலை ஓட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. குறுகிய தூரம், தெரிந்த பாதை, இரவு திரும்பும் இடமும் ஒன்றே. சார்ஜ் செய்யத் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: ஆலை வாசலில் மணிக்கணக்கில் வரிசை. எஞ்சினை அணைக்கச் சொல்கிறார்கள். வெயிலில் வெந்து சாவதா? (டிரைவர், திருமானூர்)

பதில்: கேட்க வேண்டியது உங்களையல்ல, வரச் சொன்னவரை. உங்கள் முறை எப்போது என்று போனில் டோக்கன் கொடுக்கட்டும். நிழல், தண்ணீர், கழிப்பறை, படுக்க ஒரு கொட்டகை இருந்தால் எந்த டிரைவர் எஞ்சினை ஓடவிடுவார்?

கேள்வி: சின்ன வெங்காயத்துக்கும் பசுமைப் போக்குவரத்துக்கும் என்ன சம்பந்தம்? (விவசாயி, செட்டிகுளம்)

பதில்: சென்னை போய் அழுகிக் கொட்டும் ஒவ்வொரு கிலோவும் வீணான டீசல். அதற்குத்தானே உங்கள் வெங்காயப் பட்டறை! கல் மேல் மூங்கில் பரப்பி, பக்கத்தில் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்தால் அடியிலிருந்து காற்று ஏறும். கரண்ட் பில் இல்லாத கிடங்கு. காயவைத்து, தாள் அறுத்து, நசுங்கியதைப் பொறுக்கிய பிறகே அடுக்குங்கள். ஈரத்தோடு ஒரு கூடை உள்ளே போனால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அழுக வைக்கும்.