சந்தேகத்துக்கு எந்த மாநில நம்பர் பிளேட்?

ராயக்கோட்டை தக்காளி மண்டியிலிருந்து ஒரு வாசகர்: கௌபாய் படங்களில் வருகிற எல்லையோர ஊருக்கும் நம்ம ஓசூருக்கும் ஏதாவது பொருத்தம் உண்டா?

பத்துக்கு எட்டுப் பொருத்தம் உண்டு. குதிரையா? கும்பினிக்காரன் 1824-லேயே மத்திகிரியில் ராணுவக் குதிரைப் பண்ணை போட்டுவிட்டான். இப்போது அது மாட்டுப் பண்ணை. எல்லைக்கோடா? ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. பிழைக்க வந்த வெளியூர்க்காரர்களா? முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற இடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் காதில் விழும். சலூன்கூட தெருவுக்கு மூன்று இருக்கிறது, முடி வெட்டுவதோடு சரி. தப்பான ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்லத் துடிக்கிற கூட்டமும் இருக்கிறது. அவர்கள் கையில் கயிறு, நம் ஆட்கள் கையில் செல்போன்.

காமிக்ஸ் ரசிகர், பர்கூர்: டெக்ஸ் வில்லர் மாதிரி ஒரு ரேஞ்சர் இங்கே வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

டெக்ஸ் சிவகாசி வரைக்கும் வந்து தமிழே கற்றுக்கொண்டுவிட்டார், ஓசூருக்கு வர எவ்வளவு நேரம்? ஆனால் அவர் ஒருவன் மேல் சந்தேகப்பட்டால் அது சரியாகத்தான் இருக்கும். கதை எழுதுகிறவர் அவர் கட்சி. நம் தெருவில் சந்தேகப்படுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. 1943-ல் 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' என்று ஒரு படம் வந்தது. மாடு திருடி, மாட்டுக்காரரையும் கொன்றுவிட்டார்கள் என்று வழிப்போக்கர்கள் மூன்று பேரைப் பிடித்து, ஷெரீஃப் வருவதற்குள் ஊரே கூடித் தூக்கில் போட்டுவிடுகிறது. பிறகு தெரிகிறது, கொலையானவர் உயிரோடு இருக்கிறார். துப்பாக்கிச் சண்டை இல்லாததால் பர்கூரில் ஓடாது.

வீட்டுக்காரர், மூக்கண்டப்பள்ளி: என் காம்பவுண்டில் வடக்கத்திப் பையன்கள் எட்டுப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். போன வாரம் தண்ணீர் மோட்டார் திருட்டுப் போய்விட்டது. அவர்களைத்தானே சந்தேகப்பட வேண்டும்?

எட்டுப் பேரின் ஆதார் நகலும் உங்கள் பீரோவில் இருக்கிறது அல்லவா? மோட்டார் மாட்டிய மெக்கானிக்கின் ஆதார் இருக்கிறதா? பழைய இரும்புக்காரருடையது? சாயங்காலம் மொட்டை மாடிக்கு வந்து போகிற உங்கள் மைத்துனருடையது? விலாசம், போட்டோ, ஊர்ப் பெயர், கம்பெனிப் பெயர் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டு மோட்டாரைத் தூக்குகிற திருடன் இருந்தால், அவனுக்குத் தொழில் தெரியாது. இன்னொன்று, அந்தப் பையன்கள் கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் விரல் வைத்துப் பஞ்ச் செய்கிறவர்கள். எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்பதற்கு நம் இருவரைவிட அவர்களிடம்தான் சாட்சி பலமாக இருக்கிறது. போலீசில் எழுதிக் கொடுங்கள். யார் பேரையும் எழுதாமல் மோட்டாரின் பேரை எழுதுங்கள்.

இல்லத்தரசி, ஊத்தங்கரை: பிள்ளை பிடிக்கிறவர் என்று சந்தேகம் வந்தால் நாமே பிடித்து வைக்கலாமா?

பிடிக்கலாம், ஒரு எல்லை வரைக்கும். கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத பெரிய குற்றம் செய்கிறவரைப் பொதுமக்கள் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. பழைய சட்டத்தில் 43-வது பிரிவு, புதிய பிஎன்எஸ்எஸ்-ஸில் 40. பிடித்தவரைத் தாமதமில்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். 'கண்ணெதிரே' என்பதைக் கவனியுங்கள். 'வாட்ஸ்அப்பில்' என்று சட்டத்தில் இல்லை. கம்பத்தில் கட்டலாம், அடிக்கலாம், வீடியோ எடுக்கலாம் என்றும் இல்லை.

உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, போளூர் பக்கம் அத்திமூர். 2018 மே மாதம் சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. 65 வயதுப் பெண்மணி ஒருவர் அங்கிருந்த குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கூட்டம் இறங்கியிருக்கிறது என்று அந்த வாரம் முழுக்க செல்போனில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் சேர்ந்தது, அந்த அம்மாவை அடித்தே கொன்றுவிட்டது. அதே மாதம் பெங்களூரு சாம்ராஜ்பேட்டையில் வேலை தேடி வந்த ராஜஸ்தான் இளைஞர் ஒருவருக்கும் அதே கதி, அதே வதந்தி. அவரைக் கயிற்றால் கட்டித் தெருவில் இழுத்தார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க மாநிலங்களுக்கு நெறிமுறை போட்டது. வாட்ஸ்அப்காரர்கள் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் தள்ள முடியாதபடி செய்தார்கள். சந்தேகம் உண்மையாகவே வந்தால் 112, குழந்தை விஷயம் என்றால் 1098. இரண்டுக்கும் காசு கிடையாது.

கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி: "நான் எழுதலை சார், பார்வர்டு மட்டும்தான் பண்ணினேன்" என்கிறவரை என்ன செய்வது?

மொட்டைக் கடிதம் கொண்டுவருகிற தபால்காரர் அதைப் பிரித்து வாசலில் நின்று உரக்கப் படிப்பதில்லை.

லாரி உரிமையாளர், சூளகிரி: நாம்தான் மற்றவர்களைச் சந்தேகப்படுகிறோமா? நம்மை யாரும் சந்தேகப்பட்டதில்லையா?

உங்களுக்குத் தெரியாததா? 2016 செப்டம்பர் 12, காவிரிக் கலவரம். பெங்களூருவில் டி.என். என்று தொடங்குகிற நம்பர் பிளேட்டே வண்டியை எரிக்கப் போதுமான குற்றமாக இருந்தது. ஒரே டெப்போவில் நின்ற தமிழ்நாட்டுப் பஸ்கள் கும்பலாக எரிந்தன. எல்லையில் பஸ் நின்று, ஜனங்கள் மூட்டையும் பிள்ளையுமாக அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவே நடந்தார்கள். காவிரியில் யார் எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று எந்த டிரைவருக்குத் தெரியும்?

2023 மார்ச்சில் பழி இன்னொரு திசையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள் திருப்பூரில் நடந்த அடிதடி, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்று அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு விளக்கினார். பீகார் அரசு அனுப்பிய குழுவும் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஹோலிக்கு ஊருக்குப் போன கூட்டத்தைக் காட்டி, பயந்து ஓடுகிறார்கள் பாருங்கள் என்றார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைப் படம் பிடித்தால் சென்னையே காலியாகிறது என்று சொல்லலாம்.

தமிழாசிரியர், காவேரிப்பட்டணம்: கோவலன் இன்று ஓசூருக்கு வந்தால்?

ஐயா, அவர் ஏற்கெனவே வெளிமாநிலத் தொழிலாளிதான். சோழ நாட்டில் முதல் போய், பாண்டிய நாட்டில் பிழைக்க வந்தவர். கையில் நகை, உள்ளூரில் ஜாமீன் சொல்ல ஆளில்லை. இன்று பாகலூர் ரோட்டு அடகுக் கடையில் ஒற்றைச் சிலம்பை நீட்டினால் கடைக்காரர் முதலில் பில் கேட்பார், இரண்டாவதாகப் போன் அடிப்பார். எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த ஒரு நிமிடத்தை மதுரையில் தலை போன பிறகுதான் ஒதுக்கினார்கள்.

வாசகர், மத்தூர்: எங்கே திருட்டு நடந்தாலும் குறவர் குடியிருப்புக்கு ஜீப் வருகிறதே, ஏன்?

1871-ல் வெள்ளைக்காரன் சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதிச் சட்டம் போட்டான். 1911-ல் அது மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. 1952-ல் நாடு முழுக்க ரத்தானது. சட்டம் போன விஷயம் சில ஜீப்புகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. 2023 ஜூனில் உங்கள் பக்கத்துப் புளியாண்டப்பட்டியிலிருந்து பெண்கள் உட்படப் பலரை ஆந்திராவின் சித்தூர்ப் போலீசார் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டுபோய்ச் சித்ரவதை செய்ததாகப் புகார் எழுந்தது. 1993-ல் கம்மாபுரம் போலீசார் கொண்டுபோன ராஜாக்கண்ணுவும் குறவர்தான். 'ஜெய் பீம்' படம் அவரை இருளராகக் காட்டியது. அன்று வக்கீலாக இருந்த சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டிராவிட்டால், "தப்பி ஓடிவிட்டார்" என்பதே இன்றுவரை அவருடைய வரலாறாக இருந்திருக்கும்.

எந்த மாநிலப் போலீசாக இருந்தாலும் கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் வீட்டாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இலவச வக்கீலுக்கு 15100.

வாசகி, அரூர்: ஒருவரைச் சந்தேகப்படுவது இருக்கட்டும். ஒரு ஊரையே சந்தேகப்பட்டால்?

அரூர்க்காரர் கேட்கிறீர்கள், இதில் எனக்குக் கிண்டல் வராது. 1992 ஜூன் 20, அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் அரூரும் ஒரே தர்மபுரி மாவட்டம். சந்தன மரம் பதுக்கியிருக்கிறார்கள் என்று வாச்சாத்திக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து நுழைந்தன. வீடுகளை இடித்தார்கள், ஊரையே அடித்தார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லோரும் அரசு ஊழியர்கள். 2011-ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஊரைச் சந்தேகப்பட ஒரு நாள் போதுமாக இருந்தது. ஊர் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்ள 31 வருடம்.

மேற்கே வீரப்பன் காட்டிலும் இதே கதைதான். அவனுக்கு அரிசி கொடுத்திருப்பார்கள் என்ற சந்தேகத்தில் மலைக்கிராமத்துக்காரர்களைப் பிடித்துப் போனார்கள். தடா சட்டத்தில் மைசூரு சிறையில் வருடக்கணக்காகக் கிடந்தவர்களில் பெரும்பாலோரை 2001-ல் நீதிமன்றம் விடுதலை செய்தது. சதாசிவா கமிஷன் விசாரணைக்குப் பிறகு, 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் இழப்பீடு என்று மனித உரிமை ஆணையம் கணக்குப் பார்த்தது.

பெயர் வெளியிட விரும்பாதவர், பேடரப்பள்ளி: எங்கள் தெருவில் ஒரு ஒடிசா பையனைத் திருடன் என்று அடித்துவிட்டோம். அவன் இல்லை என்று பிறகு தெரிந்தது. எப்படி மன்னிப்புக் கேட்பது?

அடித்தது தெருவிலா, வீட்டுக்குள்ளேயா? தெரு என்றால் மன்னிப்பும் தெருவில், அதே ஆட்கள் முன்னால். டாக்டர் செலவு, போன சம்பளம் இரண்டும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவன் புகார் கொடுக்க விரும்பினால் ஸ்டேஷனுக்கு வழி காட்டுங்கள். இந்தி தெரியாதே என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். திட்டும்போது தெரிந்திருந்ததே.