இல்லாத கோடு, எழுதிய துண்டு

கொக்குவிலில் இருந்து பட்டணம் போகிற வழியில் பொலிஸார் மறித்தார்கள். மஞ்சள் கடவையில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டவில்லையாம். திரும்பிப் பார்த்தேன். கடவை இல்லை, தார்தான் கிடந்தது. கோடு தேய்ந்து எத்தனை மாரி போயிற்றோ. ஆனால் ஐயாவுக்குத் தெரிகிறது. இல்லாத கோட்டைக் காணும் கண்ணைச் சீருடையோடு சேர்த்தே கொடுப்பார்கள் போலும்.

தண்டத் துண்டு எழுதினார், சிங்களத்தில். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அவருடைய பேனாவுக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை. லைசென்ஸ் அவருடைய பைக்குள் போனது.

தண்டத்தை 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டலாம். தவறினால் இரட்டிப்பு, அதுவும் தவறினால் நீதிமன்றம். வழக்காடுவதென்றால் ஒருநாள் சம்பளம், சட்டத்தரணிக்குக் காசு, பிறகு தவணைமேல் தவணை. பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார்: "தம்பி, காசைக் கட்டிப்போட்டு லைசென்ஸை எடும். அவங்களோட கொழுவி என்னத்தைக் காணப்போறீர்?"

கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். குளப்பிட்டிச் சந்தி தெரிந்தவர் அவர். 2016 ஒக்ரோபர் 20 இரவு, அந்த இடத்தில், மோட்டார் சைக்கிளில் வந்த யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் செத்துப்போனார்கள். பொலிஸார் முதலில் சொன்ன கதை விபத்து. பிரேத பரிசோதனையில் துவக்குச் சூடு வெளியே வந்தது. பிறகு, மறித்தும் நிற்கவில்லை என்றார்கள். ஐந்து பொலிஸார் கைதானார்கள்.

நிற்காமல் போவதற்கு என்ன தண்டம் என்று ஊருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்குத் துண்டு இல்லை. 14 நாள் தவணை இல்லை. தபால் கந்தோரில் கட்டித் திருப்பி எடுக்கவும் ஏலாது. பட்டப்பகலில் இல்லாத கோடு தெரிகிற துறைக்கு, அந்த இரவில் சூடு விபத்தாகத் தெரிந்திருக்கிறது!

நான் கட்டப் போவதில்லை. தோற்பாய் என்று சட்டத்தரணியே சொல்லிவிட்டார். அவருடைய கூலி தண்டத்தைவிடக் கூட. பரவாயில்லை. என்ன குற்றம் செய்தேன் என்று அந்தத் துண்டை நீதவான் முன்னால் யாராவது தமிழில் வாசிக்கட்டும், கேட்கிறேன்.

வீதிக்குப் பொறுப்பான பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். இத்தனை வருசம் பூசாத கோட்டை, தவணைக்கு முதல்நாள் இரவோடிரவாக வந்து பூசிவிடாதீர்கள். எனக்கிருக்கிற ஒரே சாட்சி அந்தத் தார்தான்.