நரிப்படையில் ஒரு காலியிடம்

நரி, பருந்து, முயல், தவளை நான்கும் சேர்ந்து நடத்தும் விண்வெளிப் படையில் மனிதனைச் சேர்க்கலாமா, கூடாதா? டெக்சஸ் மாநிலம் ஃப்ரிஸ்கோ நகரில், முப்பது வருஷத் தவணையில் வாங்கிய எங்கள் வீட்டு ஹாலில், சாயங்காலமானால் இந்தப் பட்டிமன்றம்தான். மகன் ஒரு கட்சி, மகள் எதிர்க்கட்சி. நான் நடுவர். கேம் ஆடத் தெரியாதவனுக்குத்தான் விருப்பு வெறுப்பு இருக்காது என்று இருவரும் ஏகமனதாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் ஏகமனதாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அந்தப் படை வரும் ஸ்டார் ஃபாக்ஸ் என்பது நின்டெண்டோ கம்பெனி 1993இல் வெளியிட்ட கேம். பிறகு அதுவே ஒரு தொடராக வளர்ந்துவிட்டது. ஃபாக்ஸ் மெக்கிளவுட் என்ற நரி தலைவன். ஃபால்கோ என்ற பருந்துக்கு யாரையும் மதித்துப் பழக்கமில்லை. பெப்பி என்ற முயல் வயதில் மூத்தது, ஆகவே ஓயாமல் புத்திமதி. ஸ்லிப்பி என்ற தவளை, பின்னால் எதிரி வந்தால் காப்பாற்றச் சொல்லிக் கத்தும். இவர்களுக்கு வேலை கொடுக்கிற ஜெனரல் பெப்பர் ஒரு நாய். எதிரி ஆண்ட்ராஸ் ஒரு குரங்கு. விஞ்ஞானியாக இருந்து கெட்டுப்போனவர். ஆளுக்கொரு குட்டி விண்கலம், அதன் பெயர் ஆர்விங். இவர்கள் வாழும் லைலட் மண்டலம் பூராவும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு மனிதன் கிடைக்கமாட்டான்.

மகனுக்கு அதுதான் குறை. ஆடுகிறவன் தன் இஷ்டப்படி ஒரு மனிதனை உருவாக்கி, பேர் வைத்து, சட்டை மாட்டி, ஐந்தாவது ஆர்விங்கில் ஏற்றி அனுப்ப வசதி வேண்டும் என்கிறான். மகளுக்கு அது அடுக்காது. “மனுஷங்க எல்லா கேம்லயும் இருக்காங்கடா. இங்கயாவது அதுங்களை நிம்மதியா விடேன்” என்கிறாள்.

கும்பகோணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் என் அம்மா, யாரும் சம்மன் அனுப்பாமலே சாட்சிக் கூண்டில் ஏறினாள். சனிக்கிழமை தவறாமல் ஃப்ரிஸ்கோவில் இருக்கும் காரியசித்தி அனுமன் கோயிலுக்குப் போய்வருகிறவள். அவளுடைய முதல் ஆட்சேபணையே வேறு. “குரங்கைப் போய் வில்லனாக்கியிருக்கானே, எவன்டா அவன்?” அதைச் சொல்லி முடித்த பிறகுதான் வழக்குக்கு வந்தாள். “மனுஷனைச் சேத்தா என்ன தப்பு? ராமாயணத்துலயே பண்ணியாச்சு. குரங்கும் கரடியும் இருந்த எடத்துல ரெண்டு மனுஷங்கதானே புதுசா வந்து சேந்தாங்க?”

மகன் துள்ளிக் குதித்தான். மகள் விடவில்லை. “அதையேதான் பாட்டி நானும் சொல்றேன். கடலைத் தாண்டினது யாரு? பாலம் கட்டினது யாரு? மலையைத் தூக்கிட்டு வந்தது யாரு? மனுஷன் உள்ள வந்ததும் க்ரெடிட் பூரா அவருக்குப் போயிடுச்சு.”

அம்மா அவளை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “நல்லா வளத்திருக்கே” என்றாள். நான் சபையை ஒத்திவைத்தேன்.

நடுவர் என்றால் ஆதாரம் பார்க்க வேண்டாமா? கராஜைச் சுத்தம் செய்யும் வேலையைத் தள்ளிப்போட இதைவிட கௌரவமான காரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஜப்பானில் கியோட்டோ நகரத்தில், நின்டெண்டோவின் தலைமையகம் இருக்கும் அதே ஊரில், ஃபுஷிமி இனாரி என்று ஒரு கோயில் இருக்கிறது. அங்கே நரிதான் தெய்வத்தின் தூதர். மலைப் பாதை நெடுக ஆயிரக்கணக்கான சிவப்பு வளைவுகள். விண்கலம் வளைவுகளுக்குள் புகுந்து பறக்கிற மாதிரி ஒரு கேம் செய்துகொண்டிருந்த ஷிகெரு மியாமோட்டோவுக்கு அந்த வளைவுகளை நினைத்ததும் நரியும் கூடவே நினைவுக்கு வந்துவிட்டது. மற்ற பிராணிகளை வரைந்து கொடுத்தவர் தகாயா இமாமுரா. முப்பரிமாணத்தில் பறக்க அந்தக் காலத்து மெஷினுக்குச் சக்தி போதாது என்பதால், கேட்ரிட்ஜுக்குள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் என்று ஒரு சில்லை வைத்தார்கள். அதைச் செய்து கொடுத்தது இங்கிலாந்தின் ஆர்கனாட் கம்பெனி. இவ்வளவையும் சொன்னேன். “கோயில் நரியா? அப்ப சரி” என்று அம்மா பாதி சமாதானமானாள். குரங்கு விவகாரம் நிலுவையில் இருக்கிறது.

முன்மாதிரித் தீர்ப்புகளையும் புரட்டினேன். மகள் காட்டியது 2017இல் வந்த சோனிக் ஃபோர்சஸ். அதில் ஆடுகிறவன் தனக்கென்று ஒரு பாத்திரத்தை உருவாக்கலாம். ஆனால் ஓநாய், கரடி, பூனை, நாய், பறவை, முயல், முள்ளெலி என்ற ஏழு ஜாதிகளுக்குள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். மனித விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படமாட்டா.

மகன் காட்டியது 2018 அக்டோபரில் யூபிசாஃப்ட் வெளியிட்ட ஸ்டார்லிங்க். பொம்மை விண்கலத்தை கன்ட்ரோலர் மேல் மாட்டினால் அதுவே திரையில் பறக்கும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் மெஷினுக்கு வந்த பதிப்பில் மனிதப் பைலட்டுகளுக்கு நடுவே ஃபாக்ஸும் அவன் ஆர்விங்கும் உண்டு. பொம்மைகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2019இல் புதுப் பொம்மை போடுவதையே நிறுத்திவிட்டார்கள். என் வீட்டில் வாங்கிய அளவை நாடு முழுக்க வாங்கியிருந்தால் அந்த நிலை வந்திருக்காது. “பாத்தீங்களாப்பா, மனுஷனும் ஃபாக்ஸும் ஒண்ணாப் பறக்கறாங்க” என்றான் மகன். மகள் அசரவில்லை. “அது மனுஷங்க கேம். ஃபாக்ஸ் அங்க விருந்தாளி. நம்ம வீட்டுக்கு அவங்க வர்றது வேற, அவங்க வீட்டுக்கு நாம போய் உக்காந்துக்கறது வேற.” அம்மா மூன்றாவது மாதமாக எங்கள் வீட்டில் இருக்கும் சமயத்தில் இந்த வாதத்தை நான் ஊக்குவிக்கவில்லை.

மனிதன் மிருகங்களின் ஊருக்கே குடிபோன கதையும் இருக்கிறது. அனிமல் க்ராசிங் தொடரில் 2020இல் வந்த நியூ ஹொரைசன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் உருவாக்கிய மனிதன் ஒரு தீவில் போய் இறங்குகிறான். டாம் நூக் என்ற பிராணி அன்போடு வரவேற்று, ஒரு கூடாரத்தைக் கொடுத்து, கையோடு பில்லையும் நீட்டுகிறது. அடைத்தால் அடுத்து வீட்டுக்கடன். வட்டி கிடையாது, கெடு கிடையாது. அப்படி ஒரு பிராணி டாலஸ் சுற்றுவட்டாரத்தில் பாங்க் நடத்தினால் தயவுசெய்து எனக்குத் தெரிவிக்கவும்.

நிஜ விண்வெளி வரலாறு யார் பக்கம்? 1949இல் இரண்டாம் ஆல்பர்ட் என்ற குரங்கை அமெரிக்கர்கள் வி-2 ராக்கெட்டில் அனுப்பினார்கள். 1957இல் சோவியத் யூனியனின் லைக்கா என்ற நாய். 1959 டிசம்பரில் சாம் என்ற குரங்கு. டெக்சஸின் சான் அன்டோனியோவில் இருந்த விமானப்படை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த சாம் எங்கள் மாநிலத்துக்காரன். 1961 ஜனவரியில் ஹாம் என்ற சிம்பன்சி. அதற்கப்புறம்தான் ஏப்ரலில் ககாரின், மே மாதம் ஆலன் ஷெப்பர்ட். ஆக, விண்வெளி என்பதே மிருகங்கள் தொடங்கிவைத்த தொடர். மனிதன் ரொம்பப் பின்னால், பார்வையாளர் விருப்பத்துக்கு இணங்கிச் சேர்க்கப்பட்ட பாத்திரம். இதைக் கேட்டு அம்மா மட்டும் ஆச்சரியப்படவில்லை. “குரங்குதானே முதல்ல போகும்? சூரியனையே பழம்னு பறிக்கக் கிளம்பினது யாரு?”

“சும்மா பேசிட்டே இருந்தா எப்படி? அப்பாவையே செஞ்சு பாத்துடலாம்” என்றான் மகன். ஸ்விட்ச்சில் மீ என்று ஒரு வசதி. புருவம், மூக்கு, மீசை, மச்சம் வரை பொறுக்கிப் பொருத்தி ஒரு பொம்மை மனிதனைச் செய்துவிடலாம். தலைமுடிப் பட்டியலைத் திறந்தவன் சரசரவென்று தள்ளிக்கொண்டே போய், வழுக்கைக்கு முந்தினதில் நிறுத்தினான். “அடுத்ததையே வை. தீபாவளி வரைக்கும் தாங்காது” என்றாள் மகள். உயரத்துக்கு ஒரு கோடு, பருமனுக்கு ஒரு கோடு, அதில் நகர்த்த ஒரு புள்ளி. உயரத்தில் புள்ளியைக் கீழே இழுத்தான். நான் எம்பி உட்கார்ந்து பார்த்தேன், பிரயோஜனமில்லை. பருமனில் மெல்ல நகர்த்திக்கொண்டே போனான். அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, திரும்பிப் பார்க்காமலே, “இன்னும் கொஞ்சம்” என்றாள்.

முடிந்ததும் நால்வரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஆர்விங்கில் இதை ஏற்றினால் என்ன ஆகும் என்ற கவலை எல்லோர் முகத்திலும் தெரிந்தது. டாலஸ் நார்த் டோல்வேயில் லேன் மாற இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, அடுத்த எக்சிட் வரும்வரை யோசிக்கிறவன் நான். ஆர்விங்கிலோ, எதிரி சுடும்போது கலத்தோடு உருண்டு புரண்டால்தான் குண்டு தெறித்துப் போகும். பெப்பி முயல் 1997இலிருந்து தொண்டை வறள அதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரிலேயே தேசிய வீடியோ கேம் மியூசியம் இருக்கிறது. அங்கே ராட்சத அளவில் ஒரு பாங் ஆட்டம் வைத்திருக்கிறார்கள்: இரண்டு குச்சி, ஒரு புள்ளி. மனிதனும் இல்லை, மிருகமும் இல்லை. அதிலேயே புள்ளி என்னைத் தாண்டித் தாண்டிப் போயிற்று.

சரி, பெரிய மனசு பண்ணிச் சேர்த்துக்கொண்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எந்த விசாவில்? எச்-1பி என்றால் வருஷத்துக்கு 85,000 இடம், குலுக்கல். மனிதனிடம் மட்டுமே உள்ள விசேஷத் தொழில்நுட்ப அறிவு என்ன என்று கேள்வி வரும்; தவளை இன்ஜினியராக இருக்கும் படையில் அதற்கு என்ன பதில் எழுதுவது? கிரீன் கார்டு என்றால், லைலட் மண்டலத்தின் கார்னீரியா கிரகத்து ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் இரண்டு வாரம் விளம்பரம் கொடுத்து, தகுதியுள்ள உள்ளூர்ப் பிராணி எதுவும் கிடைக்கவில்லை என்று ஜெனரல் நாய் எழுதித் தர வேண்டும். அதற்குள் ஒரு நாரை ரெசுமே அனுப்பிவிட்டால் போச்சு.

வழக்கில் எனக்கு வெளிச்சம் கிடைத்தது 1997இன் ஸ்டார் ஃபாக்ஸ் 64 முடிகிற இடத்தில். ஆண்ட்ராஸ் ஒழிந்து ஊரே கொண்டாடுகிறது. ராணுவத்தில் நிரந்தர உத்தியோகம் தருகிறோம் என்று ஜெனரல் சொல்ல, ஃபாக்ஸ் வேண்டாம் என்று கிளம்பிவிடுகிறான். பின்னாலேயே ஜெனரல் மேஜைக்கு பில் வருகிறது! எத்தனை எதிரிகளை வீழ்த்தினார்களோ அந்தக் கணக்குப்படி. தொகையைப் பார்த்து ஜெனரல் ஆடிப்போகிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவர்கள் வீரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் ஆட்கள்! காண்ட்ராக்டர்கள்!

இந்தத் துறையில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன். நரி சுட்ட எதிரிக்கு மட்டும் பில் போடுகிறது, பாவம். சுடலாமா என்று கூடிப் பேசிய நேரம் எங்கே? கிரகத்துக்குக் கிரகம் போன பயணப்படி எங்கே? தவளை கத்தியபோதெல்லாம் ஓடியது எமர்ஜென்சி சப்போர்ட். அதற்கு ஒன்றரைப் பங்கு அல்லவா? எனவே தீர்ப்பு: மனிதனைச் சேர்க்கலாம். கலம் ஓட்டக் கூடாது, துப்பாக்கியைத் தொடக் கூடாது, திரையில் தலை காட்டக் கூடாது. தாய்க்கப்பலில் ஒரு மூலையில் உட்கார்ந்து இன்வாய்ஸ் எழுதலாம்.

“நான் கேட்டது பைலட்பா” என்றான் மகன். முகம் தெரியாத வரைக்கும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள் மகள். அம்மாதான் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

“ஏன்டா, ஜெயிக்கிற கம்பெனியில உன்னை எதுக்கு எடுக்கப்போறான்? அந்தக் குரங்குகிட்ட கேட்டுப் பாரு. தோத்துக்கிட்டே இருக்கறவன்தான் ஆள் கிடைக்காமத் தவிப்பான்.”

பெற்றவளுக்குத்தான் பிள்ளையின் தரம் தெரியும். விஞ்ஞானி முதலாளி, சொந்தக் கிரகம், போட்டிக்கு நாலே பேர். ரெசுமேயை அதற்குத் தகுந்தபடி திருத்திக்கொண்டிருக்கிறேன். ஆண்ட்ராஸ் விசாவுக்கு ஸ்பான்சர் செய்வாரா என்பது மட்டும்தான் தெரியவேண்டும்.